இயற்கைத் தேர்வும் குற்றமற்ற வேறுபாடுகளும்

(வெள்ளி விழா ஆண்டுச் சொற்பொழிவு வரிசையில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் ஆற்றிய உரை)

 

எனக்கென ஒதுக்கப்பட்ட இந்த ஒரு மணி நேரத்தில் இலக்கியம் பற்றிப் பேசுவேன் என்றே செயலாளர் அவர்கள் எதிர்பார்த்திருப்பார். நான் பி.ஏ. வகுப்பில் தமிழ் இலக்கியம் பயின்று, பின்னர் பி.எட். பட்டம் பெற்றவன். உயிரியல் என் பாடமன்று. ஆயினும் நம் விடுதி மாணவர் ஒருவர் அண்மையில் எழுப்பிய வினா என்னை நூலகத்திற்கு விரட்டியது. “தீங்கு செய்யும் சடுதி மாற்றங்களை இயற்கை களைந்துவிடுகிறது என்று பாடநூல் சொல்கிறது. அப்படியானால் நன்மையும் தீமையும் செய்யாதவை என்ன ஆகும், ஐயா?” என்பது அவ்வினா. சிறு வினாதான். ஆனால் அறிஞர்கள் 30 ஆண்டுகளுக்கு மேலாக இதனோடு போராடி வருகின்றனர் என்பதைப் படித்த பின்னரே அறிந்தேன். நான் அறிந்த அளவை என் துறையின் வழியாகவே விளக்க முற்படுகிறேன்.

அச்சுப்பொறி வருமுன் நம் நூல்கள் ஓலைச் சுவடிகளில் வாழ்ந்தன என்பதை நீங்கள் அறிவீர்கள். ஒருவர் ஏட்டைப் பார்த்து மற்றொருவர் எழுதுவார். எழுதும்போது எழுத்துகள் மாறும். அவற்றுள் பல, பொருளைக் கெடுக்காத மாற்றங்கள். ஒரு சுவடியில் ‘மலர்’ என்றிருக்கும். இன்னொன்றில் ‘பூ’ என்றிருக்கும். இவற்றையே பாடபேதம் என்கிறோம். சில மாற்றங்களோ பாடலின் பொருளையே குலைத்துவிடும். அத்தகைய சுவடியைக் கையில் எடுக்கும் அடுத்த எழுத்தர், “இது பிழை மலிந்த ஏடு” என்று கருதி அதனை ஒதுக்கிவிட்டு வேறொன்றைப் பார்த்து எழுதுவார். ஒதுக்கப்பட்ட சுவடி செல்லரித்துப் போகும்.

இங்கே மற்றொன்றையும் எண்ணிப் பாருங்கள். ஒதுக்கப்பட்ட அச்சுவடியில் வேறெங்கும் இல்லாத நல்ல பாடபேதங்கள் பத்து இருந்திருக்கலாம். அவற்றின்மேல் எந்தக் குற்றமும் இல்லை. எழுத்தர் அவற்றைப் பார்த்து ஒதுக்கவுமில்லை. எனினும் பிழையோடு ஒரே கட்டில் கட்டுண்டு கிடந்தமையால் அவையும் அழிந்தன.

உயிர்களின் மரபுச் செய்தியும் ஏறத்தாழ இவ்வாறே படியெடுக்கப்படுகிறது. நம் உயிரணுவில் உள்ள டி.என்.ஏ. இழையில் தாயிடமிருந்து ஒரு படியும் தந்தையிடமிருந்து ஒரு படியுமாக இரண்டு படிகள் உள்ளன. ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். அவை 23 கட்டுகளாகப் பிரிந்து கிடக்கின்றன, அக்கட்டுகளே குரோமோசோம்கள். பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் பெற்றோரிடம் இல்லாத 60, 70 புதிய எழுத்து மாற்றங்களோடு பிறக்கிறது. அவற்றுள் பெரும்பாலானவை பாடபேதங்கள் போன்றவை, நன்மையுமில்லை, தீமையுமில்லை. இவற்றை நடுநிலை மாற்றங்கள் என்பர். மூலக்கூறு அளவில் நிலைபெறும் மாற்றங்களுள் மிகப் பல இவ்வகையினவே என்று ஜப்பானிய அறிஞர் மோட்டோ கிமுரா 1968இல் எடுத்துரைத்தார். சிறு பகுதி மாற்றங்களே தீங்கானவை. தீங்குற்ற உயிர் சந்ததி குறைந்து போவதால் அம்மாற்றம் மெல்ல மெல்ல மறைகிறது.

இனி, சுவடிக் கட்டு முழுவதும் எப்போதும் ஒன்றாகவே படியெடுக்கப்படுமானால் மேலே சொன்ன அழிவுக்குத் தப்ப வழியே இல்லை. ஆனால் எழுத்தரிடம் இரண்டு சுவடிகள் இருந்து, முற்பகுதியை ஒன்றிலிருந்தும் பிற்பகுதியை மற்றொன்றிலிருந்தும் எழுதினால்? பிழை முற்பகுதியில் இருந்தால், பிற்பகுதியின் பாடபேதங்கள் தப்பிப் பிழைக்கும். உயிர்களிடத்தும் இது நிகழ்கிறது. சினையணுவும் விந்தணுவும் உருவாகும்போது தாய்வழிக் குரோமோசோமும் தந்தைவழிக் குரோமோசோமும் அருகருகே நின்று துண்டுகளை மாற்றிக் கொள்கின்றன. இதனைக் குறுக்கேற்றம் என்பர். பிழைக்கு நெடுந்தொலைவில் உள்ள மாற்றம் எளிதில் விடுபடுகிறது. பிழைக்கு அடுத்த எழுத்தாக இருப்பது விடுபடுவது அரிது.

இக்குறுக்கேற்றத்தைக் கொண்டு குரோமோசோமுக்கு நிலப்படம் வரையலாம் என்று கண்டவர் ஒரு கல்லூரி மாணவர். அமெரிக்காவில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கன் என்னும் பேராசிரியர் பால் புட்டிகளில் பழ ஈக்களை வளர்த்து ஆராய்ந்து வந்தார். அவரிடம் பயின்ற ஸ்டர்ட்டிவண்ட் என்னும் இளைஞர், இரண்டு பண்புகள் எத்துணை முறை பிரிகின்றன என்பதே அவற்றுக்கு இடையிலான தொலைவின் அளவு என்று ஊகித்து, ஓர் இரவு முழுதும் கண்விழித்து முதல் படத்தை வரைந்தார். 1913இல் அது வெளியாயிற்று. அன்றிரவு செய்ய வேண்டிய கல்லூரிப் பாடங்களை அவர் செய்யவில்லையாம். ஒரு தலைமை ஆசிரியன் மாணவர் முன் இதைச் சொல்லலாகாது, இருப்பினும் சொல்லிவிட்டேன்.

குறுக்கேற்றம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் நிகழ்வதில்லை. குரோமோசோமின் சில பகுதிகளில் அடிக்கடி நிகழ்கிறது. சில பகுதிகளில் மிக அரிது. இந்த ஏற்றத்தாழ்வே பின்னாளில் ஆராய்ச்சிக்குக் கைவிளக்காயிற்று. 1992ஆம் ஆண்டில் டேவிட் பெகன், சார்லஸ் அக்வாட்ரோ என்னும் இருவர், பழ ஈயின் பல்வேறு மரபணுப் பகுதிகளில் ஈக்குஈ எவ்வளவு வேறுபாடு உள்ளது என்பதைத் தொகுத்து, அதனைக் குறுக்கேற்ற அளவோடு பொருத்திப் பார்த்தனர். குறுக்கேற்றம் மிகுந்த இடத்தில் வேறுபாடு மிகுந்திருந்தது. குறுக்கேற்றம் அருகிய இடத்தில் வேறுபாடும் அருகியிருந்தது.

இதைக் கேட்டவுடன் நல்ல மாணவர் ஒரு தடை எழுப்ப வேண்டும். குறுக்கேற்றம் குறைந்த இடத்தில் எழுத்து மாற்றமே குறைவாகப் பிறக்கலாமன்றோ? அந்த ஐயத்தையும் அவர்களே தீர்த்தனர். நடுநிலை மாற்றங்கள் பிறக்கும் வேகம் ஓரிடத்தில் குறைவு எனில், அவ்விடத்தில் இனத்துக்கு இனம் உள்ள வேறுபாடும் குறைவாகவே இருத்தல் வேண்டும். நெருங்கிய உறவுடைய மற்றோர் ஈ இனத்தோடு ஒப்பிட்டபோது அவ்வாறு இல்லை. ஆகவே மாற்றங்கள் எங்கும் பிறக்கின்றன. சில இடங்களில் அவை நிலைத்து வாழ இயலாமல் போகின்றன. பிறப்பில் குறைவில்லை, பிழைப்பில்தான் குறைவு என்பது தெளிவாயிற்று.

காரணம் யாது? முன்னரே ஒரு விடை கையில் இருந்தது. ஜான் மேனார்டு ஸ்மித், ஜான் ஹெய் ஆகிய இருவரும் 1974இல் கூறியது அது. மிகுந்த நன்மை பயக்கும் மாற்றம் ஒன்று தோன்றி விரைவில் இனம் முழுதும் பரவுமானால், அது பிறந்த குரோமோசோமின் அண்டைப் பகுதியும் அதனோடு பரவும். பிற படிகளின் வேறுபாடுகள் துடைக்கப்பட்டுவிடும். வண்டியில் இடம் கேட்டு ஏறிக்கொண்டு ஊர் செல்பவரைப் போல அண்டை எழுத்துகள் செல்கின்றன. பெகனும் அக்வாட்ரோவும் தம் முடிவுக்கு இதனையே காரணமாகக் கண்டனர்.

அடுத்த ஆண்டே, அதாவது 1993இல், பிரையன் சார்ல்ஸ்வொர்த், மார்ட்டின் மார்கன், டெபோரா சார்ல்ஸ்வொர்த் என்னும் மூவர் மற்றொரு விடையை முன்வைத்தனர். இந்த மார்கன் வேறு, பழ ஈ மார்கன் வேறு. ‘நன்மை தரும் மாற்றம் அரிதாகவே தோன்றுவது. தீங்கு தரும் மாற்றமோ நாள்தோறும் தோன்றிக்கொண்டே இருப்பது. இந்த இடைவிடாத களையெடுப்பு ஒன்றே வேறுபாட்டைக் குறைக்கப் போதுமானதன்றோ?’ என்பது அவர்கள் வாதத்தின் சாரம். இதற்குப் பின்னணித் தேர்வு என்று பெயர். நாடகத்தில் முன்னே நிற்கும் கதைத்தலைவனை மட்டும் பாராமல் பின்திரையையும் பார்க்கச் சொன்னவர்கள் இவர்கள்.

இதன் கணக்கு எளிது. கரும்பலகையில் செய்து காட்டலாம். குறுக்கேற்றமே இல்லாத ஒரு குரோமோசோமை எடுத்துக்கொள்வோம். ஒரு தலைமுறையில் அது புதிய தீங்கு ஒன்றைப் பெறும் வாய்ப்பு 100க்கு 2 என்க. அத்தீங்கு ஒவ்வொன்றும் சந்ததி விடும் ஆற்றலை 100க்கு 2 பங்கு குறைப்பதாகக் கொள்க. பிறப்பதும் களையப்படுவதும் சமநிலை எய்தும்போது, குரோமோசோம் ஒன்றுக்குச் சராசரி ஒரு தீங்கு இருக்கும். சராசரி ஒன்று என்றால் எல்லாவற்றிலும் ஒன்று என்பதன்று. சிலவற்றில் இரண்டு மூன்று இருக்கும், சிலவற்றில் ஒன்றுமிராது. ஒன்றுமில்லாதவை 100க்கு ஏறத்தாழ 37 என்று கணிதம் கூறுகிறது.

தீங்குற்ற மற்ற 63இன் வழித்தோன்றல்கள் காலப்போக்கில் அற்றுப் போகும். இன்று தீங்கோடு திரியும் குரோமோசோமும், சில தலைமுறைகளுக்கு முன் தீங்கற்றிருந்த ஒன்றின் வழி வந்ததே. ஆகவே வருங்காலம் முழுவதற்கும் மூதாதையராகும் தகுதி அந்த 37க்கே உண்டு. 100 குடும்பம் உள்ள ஊர்போலத் தோன்றினாலும், வேறுபாட்டைக் காக்கும் ஆற்றலில் அது 37 குடும்பம் உள்ள ஊரே. நடுநிலை வேறுபாடு அதே விகிதத்தில் சுருங்கும்.

நான் பெரிதும் வியந்த இடம் இனி வருவது. தீங்கு கொடியதாக இருந்தால் அண்டை மாற்றங்களுக்கு இழப்பு மிகுதியாகும் என்றுதானே நாம் எண்ணுவோம்? கணக்கு வேறு கூறுகிறது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் தீங்கின் வன்மை 100க்கு 20 என்று கொள்வோம். அத்துணைக் கொடிய தீங்கு தோன்றிய சில தலைமுறைகளிலேயே மறைந்துவிடும். எனவே எந்த நேரத்தில் எண்ணினாலும் 100க்கு 90 குரோமோசோம்கள் தூயனவாகவே இருக்கும்; நடுநிலை வேறுபாடு பத்தில் ஒரு பங்கே குறையும். வன்மை 100க்கு 1 என்று கொண்டாலோ, அச்சிறு தீங்குகள் பல தலைமுறை தங்கித் திரண்டுவிடும். தீங்கற்றவை 100க்கு 14 அளவிற்கே எஞ்சும். கொலைக் குற்றத்தினும் சில்லறைக் குற்றமே இங்கே ஊரை அதிகம் பாழ்படுத்துகிறது! இதற்கும் ஓர் எல்லை உண்டு. மிக மிக நொய்ய தீங்கினை இயற்கைத் தேர்வால் இனங்காணவே இயலாது. அவை தற்செயலாகப் பெருகவும் செய்யும். குறுக்கேற்றம் இல்லாத உயிர்களில் இவை திரும்ப இயலாதவாறு பல்சக்கரம்போல் ஏறிக்கொண்டே போகும் என்று முல்லர் 1964இல் காட்டினார்.

இந்தச் சிந்தனையின் வேரில் நம் நாட்டோடு தொடர்புடைய ஒருவர் இருக்கிறார். ஜே. பி. எஸ். ஹால்டேன் 1937இல் ஒரு கருத்தை வெளியிட்டார். தீங்கான மாற்றங்களால் ஓர் இனம் அடையும் மொத்த இழப்பு, தீங்கின் கொடுமையைப் பொறுத்ததன்று. அவை பிறக்கும் வேகத்தையே பொறுத்தது. கொடியது உடனே பலி கொண்டு மறைகிறது. மெல்லியது நெடுநாள் தங்கிச் சிறிது சிறிதாகப் பலி கொள்கிறது. இரண்டின் கூட்டுத்தொகை ஒன்றே. ஹால்டேன் 1957இல் இங்கிலாந்தை விட்டு நம் நாட்டிற்கு வந்து, கல்கத்தாவிலும் புவனேசுவரத்திலும் பணியாற்றி, 1964இல் இந்தியக் குடிமகனாகவே மறைந்தார். முன்னர்ச் சொன்ன மேனார்டு ஸ்மித் அவருடைய மாணவர்.

சான்றுகளுக்குக் குறைவில்லை. பழ ஈயின் நான்காவது குரோமோசோம் மிகச் சிறியது. அங்கே குறுக்கேற்றம் இல்லை எனலாம். 1991இல் ஆராய்ந்தபோது அங்கே வேறுபாடும் ஏறத்தாழ இல்லை. ஆண்களிடம் மட்டும் உள்ள ஒய் குரோமோசோம், முனைகளில் உள்ள சிறு பகுதிகள் தவிர, எதனோடும் துண்டுகளை மாற்றிக் கொள்வதில்லை. தந்தையின் கட்டு அப்படியே மகனுக்கு வருகிறது. அதன் படிகள் எண்ணிக்கையில் குறைவு என்பதைக் கழித்துப் பார்த்தாலும், அங்குள்ள வேறுபாடு எதிர்பார்ப்பினும் மிகக் குறைவு. தேர்வே அதற்குக் காரணம் என்று 2014இல் ஓர் ஆய்வு காட்டியது. தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும் பயிர்களிலும் இதனை எதிர்பார்க்கலாம். நம் வயல் நெல் பெரும்பாலும் அவ்வகையே. அங்கே குறுக்கேற்றம் நிகழாமலில்லை. ஆனால் இரு படிகளும் ஒன்றேபோல் இருக்கையில் மாற்றிக்கொண்டு என்ன பயன்? ஒரே பக்கத்தை ஒரே பக்கத்தோடு மாற்றுவதாகவே அது முடியும்.

மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம்மில் எந்த இருவரை ஒப்பிட்டாலும் ஏறத்தாழ 1,000 எழுத்துக்கு ஓர் எழுத்தே வேறுபடும். அந்த வேறுபாடும் சீராகப் பரவியிருக்கவில்லை. இன்றியமையாத பகுதிகளின் அருகே குறைந்தும், அவற்றுக்குத் தொலைவில் மிகுந்தும் காணப்படுகிறது. 2009இல் மெக்விக்கர் குழுவினர், பால்சாராக் குரோமோசோம்களில் இத்தகைய தேர்வினால் வேறுபாடு 19 முதல் 26 விழுக்காடு வரை குறைந்திருக்கிறது என மதிப்பிட்டனர். 2022இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மர்பி, செல்லா முதலியோர் இன்னும் நுணுகி ஆராய்ந்தனர். மரபிழையைப் பத்து இலட்சம் எழுத்துகள் கொண்ட பகுதிகளாகப் பிரித்தால், பகுதிக்குப் பகுதி காணும் ஏற்றத்தாழ்வில் ஏறத்தாழ 60 விழுக்காட்டைப் பின்னணித் தேர்வு ஒன்றே விளக்கிவிடுகிறது. நன்மை பரவும் கதையைச் சேர்த்தாலும் விளக்கம் மேம்படவில்லை. ஆக, மனிதரைப் பொறுத்தவரை 1993இல் சொன்ன விடையின் பக்கமே தராசு தாழ்ந்திருக்கிறது. அத்தீங்குகளுள் ஏறத்தாழ 80 விழுக்காடு, புரதத்தை எழுதும் பகுதிகளுக்கு வெளியே நிகழ்வன என்பதும் அவர்கள் கண்டதே.

அன்பர்களே, இவ்விடத்தில் சற்று நிற்க விரும்புகிறேன். தீங்கை அகற்றும் இத்தேர்வுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரைத் தமிழில் நேராகப் பெயர்த்தால் ‘தூய்மைப்படுத்தும் தேர்வு’ என்றாகும். தூய்மை என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம்மவர் செவி கூர்மையாகிறது. காரணத்தை நான் விளக்க வேண்டியதில்லை. ஆசிரியர் அறைகளிலேயே, “படிப்பு சிலருக்கு இரத்தத்தில் வருவது” என்று படித்தவர்கள் பேசக் கேட்டிருக்கிறேன். இயற்கைத் தேர்வின் பெயரையும் அவர்கள் துணைக்கு அழைப்பதுண்டு. சாதிக்கு உயிரியல் அரண் கட்ட முனைந்தோர்க்கு அண்ணல் அம்பேத்கர், இலாகூர் மாநாட்டிற்கென எழுதி, மாநாடு கைவிடப்பட்டமையால் 1936இல் தாமே அச்சிட்டு வெளியிட்ட உரையில் மறுப்புக் கூறினார். அன்று டி.என்.ஏ.யின் வடிவம்கூட எவர்க்கும் தெரியாது.

இன்று தெரிந்தவற்றைக் கொண்டு நோக்கினால் அந்த அரணின் நிலை இன்னும் மோசம். ஓரிடத்தில் ஒரு மாற்றம் இல்லாமற் போனது, அது தகுதியற்றது என்பதற்குச் சான்றாகாது. அண்டையில் எது இருந்தது என்பதற்கே அது சான்று. வேறுபாடு குறைந்திருப்பது உயர்வின் அடையாளமும் அன்று. வேறுபாடு குறைய மற்றொரு வழியும் உண்டு. அது சிறு கூட்டமாகத் தொடங்கித் தமக்குள்ளேயே மணம் செய்துகொள்வது. அவ்வாறு நேர்ந்தால் மரபிழை முழுவதும் சமமாக வேறுபாடு குன்றும். பின்னணித் தேர்வு போல இன்றியமையாத பகுதிகளைச் சுற்றி மட்டும் குன்றாது. இந்த இரண்டையும் பிரித்தறிய அதுவே வழி. 2017இல் ஐதராபாத்து ஆய்வாளர்களும் அமெரிக்க ஆய்வாளர்களும் இணைந்து தெற்காசியாவின் 263 குழுக்களை ஆராய்ந்தனர். அவற்றுள் 81 குழுக்களில் இவ்வாறு சிறு கூட்டத்தில் தோன்றிய தடம், அதற்குப் பெயர்போன பின்லாந்து மக்களிடம் உள்ளதினும் ஆழமாக இருந்தது. பயன் தூய்மையன்று. மறைந்து கிடக்கும் தீங்கின் இரு படிகள் ஒரே குழந்தையிடம் சந்திக்கின்றன. ஆந்திரப் பகுதியின் ஒரு வணிகச் சமூகத்தில், அறுவை மருத்துவத்தின்போது கொடுக்கும் ஒருவகைத் தசைத்தளர்ச்சி மருந்தே உயிருக்கு இடராகும் குறைபாடு மிகுதியாக இருப்பது இதனாலேயே. யாரையும் இழித்துரைக்க இதைச் சொல்லவில்லை. அக்குறை அவர்கள் செய்த குற்றமன்று.

மரபியலில் கண்டதை அப்படியே சமுதாயத்தின்மேல் ஏற்றிப் பேசுவதும் எனக்கு உடன்பாடன்று. ஈக்களின் கணக்கு ஈக்களுக்கே. மனிதர் செய்த அநீதிக்கு இயற்கையில் உவமை தேடி அலைய வேண்டியதில்லை. அதனை எதிர்த்தவர்கள் அறத்தின்மேல் நின்று எதிர்த்தார்கள், அதுவே போதுமானது. மரபணுவின் பெயரால் பொய் சொல்லுவோர் வரும்போது மட்டும், அந்நூலை நாமும் படித்திருக்க வேண்டும்.

இறுதியாக, மாணவர்க்கென ஒரு புதிரை வைத்துவிட்டு அமர்கிறேன். நடுநிலைக் கொள்கைப்படி, எண்ணிக்கை மிகுந்த இனத்தில் வேறுபாடும் மிகுந்திருக்க வேண்டும். கோடானுகோடி ஈக்களிடம் உள்ள வேறுபாடு, சில ஆயிரமே உள்ள விலங்கினத்தில் காண்பதைவிடப் பல இலட்சம் மடங்கு மிகுந்திருக்க வேண்டும். உண்மையில் அவ்வாறு இல்லை. மிகச் சிறிய அளவே மிகுந்திருக்கிறது. ரிச்சர்டு லெவோன்டின் 1974இல் இதனைச் சுட்டிக்காட்டினார். பின்னணித் தேர்வே இதற்கு விடையாகும் எனப் பலர் நம்பினர். இனம் பெரிதானால் தேர்வும் கூர்மையாகி அண்டை மாற்றங்களை மிகுதியாக அழிக்கும் என்பது அவர்கள் எண்ணம். 2021இல் வின்ஸ் பஃபலோ என்பவர் 172 விலங்கினங்களை வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தார். நன்மையின் பரவலும் தீமையின் களைவும் இரண்டும் சேர்ந்தாலும் இந்த இடைவெளியை நிரப்பப் போதவில்லை. இனங்களின் எண்ணிக்கை அவ்வப்போது பெருவீழ்ச்சி அடைந்து மீள்வது காரணமா, வேறு யாது என்பது இன்னும் முடிவாகவில்லை. பதினோராம் வகுப்பில் உயிரியல் எடுத்திருக்கும் மாணவர்கள் நம் கழக நூலகத்தில் மரபியல் அடுக்கைத் தேடிப் பார்க்கலாம். நான் எடுத்துச் சென்ற இரண்டு நூல்களையும் வரும் திங்களன்று திருப்பி வைத்துவிடுகிறேன்.